கீழ்த்தளத்தைக் காலி செய்த பெருமை

வாடிக்கையாளரை அன்போடு கைவிடுவது எப்படி என்று உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த நிறுவனத்துக்கு இன்னும் யாரும் சிலை வைக்கவில்லை. நம் காலத்தின் பெரிய குறை அதுதான்.

க்ரோனிங்கன் பக்கத்து நீர் வாரியத்தில் கணினிப் பிரிவுத் தலைவரான ரைண்டர் ஹூக்ஸெமாவின் கருத்தும் இதுவே. வாரிய அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் நாலைந்து கணினிகள் இருந்தன. ஒவ்வொன்றையும் பத்துக் கணினிகளாக நடிக்க வைக்கும் மென்பொருளை விற்றது அந்த நிறுவனம்தான். அந்தத் தாழ்வான பகுதியின் வயல்களில் தேங்கும் தண்ணீரை வெளியே இறைக்கும் பம்புகள் எல்லாம் அந்த நடிப்பை நம்பித்தான் ஓடின.

வசந்த காலத்தில் நிறுவனத்தின் 'வாடிக்கையாளர் வெற்றி அலுவலர்' ஃப்ளோர்ட்யே ஒரு கேக்கோடு வந்தாள்.

"இந்த மென்பொருளுக்கான உதவியை நாங்க குறைக்கல சார். 'முதிர்ந்த நிலை'க்கு உயர்த்தியிருக்கோம். இனிமே எங்க கவனம் எல்லாம் கிளவுட்லதான், அதாவது எங்க மேகக் கணினிகள்லதான்."

"அப்ப கீழ இருக்கறது?"

"அதை மனசார நேசிக்கறோம்."

ரைண்டர் உருகிப்போனார். உருகிய வேகத்தில், பம்புகளைக் கையால் ஓட்டும் சுவிட்சுகளையும் 'பிற்போக்கின் மிச்சங்கள்' என்று கழற்றிவிட உத்தரவு போட்டார். அவர் மனைவியின் தம்பி ஹார்ம், உருளைக்கிழங்கு விவசாயி, வீடு தேடி வந்து கெஞ்சினான்.

"ஒண்ணே ஒண்ணாவது இருக்கட்டும் மச்சான். என் கொட்டகை பள்ளத்துல இருக்கு. விதைக்கிழங்கு எல்லாம் அதுலதான்."

"நீ எதிர்காலத்தை நம்பணும் ஹார்ம்."

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. அந்த வாரம் பார்த்து நிறுவனம் ஒரு 'மேம்பாடு' அனுப்பியது. அதை ஏற்றியதும் கணினிகள் நடிப்பை மறந்தன. பம்புகள் நின்றன. ரைண்டர் உதவி எண்ணுக்கு ஃபோன் போட்டார்.

"உங்க பிரச்சனைக்குத் தீர்வு தயாரா இருக்கு சார். கிளவுட் பதிப்புல."

"எனக்கு இங்க வேணும்ப்பா. தண்ணி ஏறிட்டிருக்கு."

"அப்ப கிளவுடுக்கு மாறிடுங்க. மாத்தறதுக்கான கருவியை அனுப்பறேன். உங்க கணினி ஓடிட்டிருந்தாப் போதும்."

"அது ஓடினா உங்களை எதுக்குக் கூப்பிடறேன்?"

"இந்த மனநிலையைத்தான் சார் நாம மாத்தணும்."

மனநிலையை மாற்ற அவர் முயன்றுகொண்டிருந்தபோதே அடுத்த அழைப்பு வந்தது. ஹார்ம்.

"மச்சான், தண்ணி கொட்டகைக்குள்ள வந்துடுச்சு. விதைப்பெட்டி ஒவ்வொண்ணா முங்குது. அந்த எதிர்காலம் எப்ப வரும்னு சொல்லுங்க, நான் வாசல்லயே நிக்கறேன்."

ரைண்டருக்கு வெட்கமாக இருந்தது. ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினால், வாரியத்தின் கீழ்த்தளத்துக்குப் போகும் படிக்கட்டிலும் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வாரியம் டீசல் பம்புகளை அனுப்பி ஊரைக் காப்பாற்றியது. கீழ்த்தளத்துக் கணினிகளையும் ஹார்மின் விதையையும் காப்பாற்ற முடியவில்லை.

நிறுவனம் மனம் தளரவில்லை. 'சொந்தக் கணினி அறையை மிக விரைவாக விட்டு வெளியேறிய வாடிக்கையாளர்' என்ற விருதை அந்த வருடம் நீர் வாரியத்துக்கே அறிவித்தது. ஆளுக்கொரு காபி, ஒரே ஒரு பிஸ்கட்டோடு விழா நடந்தது. ஃப்ளோர்ட்யே கண்ணாடியில் செய்த மேகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மேடையேறினாள்.

"இவ்வளவு முழுமையா இதுவரைக்கும் யாருமே வெளியேறினதில்ல. சார் ரெண்டு வார்த்தை பேசணும்."

ரைண்டர் மேடைக்குப் போனார். மேகத்தை வாங்கவில்லை. மைக்கை வாங்கி, முன்வரிசையில் இருந்த ஹார்மிடம் நீட்டினார். ஹார்ம் பிஸ்கட்டை மென்று முடித்துவிட்டு எழுந்தான்.

"மேடம், பரிசு ஆள் மாறிப்போகுது. கீழ்த்தளத்தைக் காலி பண்ணினது தண்ணி. கூப்பிடாமயே வந்துச்சு. ராத்திரி பகல் பாக்காம வேலை செஞ்சுது. உங்களது பழைய பதிப்புன்னு சொல்லித் திரும்பிப் போகல, படியிறங்கி நேர்லயே வந்து பாத்துச்சு. அந்த அக்கறையில பாதி உங்க கம்பெனிக்கு இருந்திருந்தா, வர்ற வசந்தத்துல நடறதுக்கு என்கிட்ட விதை இருந்திருக்கும்."