ஊடகம் சிவப்பாக இருக்க வேண்டும்

பத்து மணிக்கு ஊடகம் வருகிறது. மணி ஒன்பதரை. வந்தால் என்ன கொடுப்பது என்று வரவேற்பு மேசைக்காரிக்குத் தெரியவில்லை.

புது மேலாளர் எதையும் சுத்தத் தமிழில்தான் எழுதுவார். நேற்று சாயங்காலமே மேசையில் சீட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார். 'நாளை காலை பத்து மணிக்கு ஊடகம் வரும். பக்குவமாகக் கவனிக்கவும். ஐயமிருப்பின் சமையலாரைக் கேட்கவும்.'

அவளுடைய மூன்று மாதச் சோதனைக்காலம் இன்றோடு முடிகிறது. வேலை நிலைத்தால் பிழைத்தாள். இல்லையென்றால் வீட்டில் அண்ணி, "சும்மா இருக்கிற கைதானே" என்று வெங்காயக் கூடையை நீட்டுவாள்.

சமையலார் சமைப்பது மனிதர்களுக்கு இல்லை. மாடி ஆய்வகத்தில் கண்ணாடித் தட்டுகளில் வளரும் செல்களுக்குச் சாப்பாடு கலக்குகிறவர் அவர். அந்தச் சிவப்புத் திரவத்துக்கும் ஊடகம் என்றுதான் பெயர். கட்டடத்தில் இது தெரியாதவள் அவள் ஒருத்திதான். மூன்று மாதமாக அவரைக் கேன்டீன்காரர் என்றே நினைத்திருந்தாள்.

போன் போட்டாள். கையுறையோடு இருந்ததால் அவர் ஸ்பீக்கரில் பேசினார். பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை.

"அண்ணே, ஊடகம் வருதாம். என்னண்ணே குடுக்கணும்?"

"சர்க்கரை, உப்பு. அப்புறம் பத்துக்கு ஒரு பங்கு கன்னுக்குட்டி ரத்தத்துல எடுத்த சீரம்."

அவள் உட்கார்ந்துவிட்டாள். பத்திரிகைக்காரர்கள் ரத்தத்தை உறிஞ்சுவார்கள் என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறாள். அதை நிஜம் என்று எடுத்துக்கொண்டதில்லை.

"ரத்தம் இல்லாம சமாளிக்க முடியாதாண்ணே?"

"இன்னிக்கு ஒரு நாள் தாங்கும். ஆனா நேரா உள்ள விட்றாத. மேலெல்லாம் ஸ்பிரிட் அடிச்சுத் தொடச்சுட்டு விடு. கிருமி பூந்துச்சுன்னா நாசம்."

"எங்கண்ணே வெக்கிறது?"

"கீழ சூட்டு ரூம் இருக்குல்ல, முப்பத்தேழு டிகிரி. அங்க ஒரு மணி நேரம். லைட்ட அணைச்சிரு, வெளிச்சம் ஆகாது. மூடிய மட்டும் தொறக்க விடாத."

மூடி என்றால் வாய் என்று அவளே முடிவு செய்துகொண்டாள்.

பத்து அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆறு பேர் வந்தார்கள். கையில் கோப்பு, சட்டைப்பையில் பேனா, தேய்த்த சட்டை. "ஊடகமா?" என்று கேட்டாள். தலையாட்டினார்கள். எதைக் கேட்டாலும் தலையாட்டினார்கள். இவ்வளவு பணிவான பத்திரிகைக்காரர்களை அவள் பார்த்ததில்லை.

ஸ்பிரிட் அடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கி நின்றார்கள். சர்க்கரையும் உப்பும் கரைத்துக் கொடுத்தாள். முகத்தைச் சுளிக்காமல் குடித்தார்கள். ஒருவர், "நல்லாருக்குங்க, இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?" என்றுகூடக் கேட்டார். சூட்டு அறையில் உட்கார வைத்தாள். வாயை மூடிக்கொள்ளச் சொன்னாள். விளக்கை அணைத்தாள்.

இருபது நிமிடம் கழித்துக் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மறுபடி போன் செய்தாள்.

"அண்ணே, ஊடகம் செக்கச்செவேல்னு ஆயிடுச்சு."

"அப்படித்தான் இருக்கணும். சிவப்பா இருந்தா நல்லா இருக்குன்னு அர்த்தம்."

"கொஞ்சம் வழியுது."

"ஓரத்த தொடச்சு விடு. மஞ்சளாச்சுன்னாத்தான் பயப்படணும்."

அவள் மறுபடி டார்ச் அடித்தாள். மூன்றாவது நாற்காலியில் மஞ்சள் சட்டை.

"ஒண்ணு மஞ்சள் அண்ணே."

"அடப்பாவமே. கெட்டுப்போச்சு. மத்ததுக்கும் தொத்திரும், அந்த ஒண்ண மட்டும் வெளிய கொட்டிரு."

மஞ்சள் சட்டைக்காரரைக் கையைப் பிடித்துப் பின்வாசல் வரை கூட்டிப்போனாள்.

"நான் என்ன மேடம் தப்பு பண்ணேன்?"

"மஞ்சளா இருக்கீங்க."

"வீட்ல வெள்ளைச் சட்டையும் இருக்கு மேடம். பத்து நிமிஷத்துல வந்துடுவேன்."

"கெட்டது கெட்டதுதாங்க" என்று கதவைச் சாத்தினாள். அவளுக்கும் வருத்தம்தான்.

பத்தே முக்காலுக்குச் சமையலார் கீழே வந்தார்.

"ஏம்மா, ஊடகத்த இன்னும் மேல அனுப்பல?"

"ஒரு மணி நேரம் இன்னும் ஆகலையேண்ணே. உள்ள ஊறிட்டு இருக்கு."

அவர் கதவைத் திறந்தார். விளக்கைப் போட்டார். ஐந்து பேர் வேர்வையில் நனைந்து, வாயை இறுக்கி மூடிக்கொண்டு, முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். கதவு திறந்திருக்கிறது என்பது உறைத்ததும் எழுந்து ஓட ஆரம்பித்தார்கள். இன்னும் கொஞ்சம் கேட்டவர்தான் எல்லாருக்கும் முன்னால் ஓடினார். ஒருவர் கோப்பைக்கூட எடுக்கவில்லை.

"எங்க பாட்டில்?" என்றார் சமையலார்.

"எந்த பாட்டில்?"

"செல்லுக்கு ஊத்துற ஊடகம்மா. பெட்டியில வரும்."

அவளுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது.

"அப்ப இவங்க யாரு?" என்றார் அவர்.

"பத்திரிகைக்காரங்கண்ணே. ஆறு பேர வேக வெச்சிருக்கேன்."

"செத்தோம்" என்றார் சமையலார். "நாளைக்கு முதல் பக்கத்துல நீதான்." பிறகு, அவளிடம் பேசினதாகவே யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு மாடி ஏறிவிட்டார்.

மேலாளர் அறையிலிருந்து அவர் போனில் கத்தும் சத்தம் கேட்டது. அவள் தண்ணீர் பாட்டிலையும் குடையையும் எடுத்துப் பையில் திணித்தாள். அண்ணியின் வெங்காயக் கூடை கண்முன் நின்றது. இப்போதே கண்ணில் தண்ணீர் வந்தது.

வாசல் காவலாளி ஒரு பெரிய பெட்டியைச் சுமந்துகொண்டு உள்ளே வந்தார். "எங்கம்மா கெளம்பிட்ட?"

"வேற என்னங்கய்யா செய்ய? பத்திரிகைக்காரங்கள அடுப்புல வெச்சவள யாரு வேலைக்கு வெச்சுப்பாங்க?"

காவலாளி பெட்டியை இறக்கி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"பத்திரிகைக்காரங்கன்னு எந்தப் புண்ணியவான் சொன்னான்? அந்த ஆறு பேரும் உன் வேலைக்கு நேர்காணலுக்கு வந்தவங்கம்மா; இப்ப கும்பிட்டுக் கூப்பிட்டாலும் ஒருத்தரும் வர மாட்டேங்கிறாங்களாம், அதனால மேலாளர் உன்னையே இருக்கச் சொல்லிட்டாரு."