லெந்து நாளிலும் இறங்காத கொலஸ்ட்ரால்

அம்பாசமுத்திரம்,
செவ்வாய்க்கிழமை.

பாளையங்கோட்டை அக்கா ஞானசௌந்தரிக்கு, தம்பி பர்னபாஸ் எழுதுவது. இரக்கமுள்ள ஆண்டவர் உன்னையும் அத்தானையும் உன் கோபத்தையும் பத்திரமாகக் காக்கட்டும். போனில் நீ எனக்குப் பேச இடம் விடுவதில்லை. காகிதத்தில் குறுக்கே பேச முடியாதல்லவா, அதனால் கடிதம்.

பள்ளிக்கூட முகாமில் ரத்தம் எடுத்து, என் மகள் பெனிஷாவுக்குக் கெட்ட கொழுப்பு இருநூறு என்று டாக்டரம்மா சொன்னபோது நான் சிரித்தது தப்புதான். பதினோரு வயசுப் பிள்ளை, முருங்கைக்காய் மாதிரி இருக்கிறாள், கொழுப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று கேட்டுவிட்டேன். பிறகு லெந்து நோன்பு வந்தது, நாற்பது நாளும் வீட்டில் கறி இல்லை, மீன் இல்லை, முட்டைகூட இல்லை, எண்ணெய்ச்சட்டியைப் பரணில் ஏற்றிவிட்டேன், ஈஸ்டருக்கு முந்தின நாள் மறுபடி ரத்தம் கொடுத்தால் வெறும் எட்டுதான் இறங்கியிருந்தது, உடனே நீ வந்து, தாயில்லாப் பிள்ளைக்கு லெந்திலும் களவாகக் கறி கொடுத்தவன் என்று தெருவில் வைத்துச் சொல்லி அவளை அழைத்துப் போய்விட்டாய். இப்போது பாஸ்டர்கூட எனக்குக் கைகொடுத்துவிட்டு விரலை மோந்து பார்க்கிறார்.

மூன்று மாதமாக வீட்டில் அவித்ததுதான். கைப்பழக்கத்தில் இரண்டு பேருக்கு இட்லி ஊற்றிவிடுகிறேன். மிச்சத்தை அடுத்த வீட்டு இஸ்ரவேல் அண்ணாச்சியின் கோழி தின்கிறது. பேச்சுத்துணைக்கு அது போதும் என்று அவரிடம் சொன்னேன். "ஏலே, கோழிட்ட பேசுதத விட்டுட்டு பிள்ளையப் போய்ப் பாரு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனில் பெனிஷா பைய, "அப்பா, நான் இனிமே ஒண்ணுமே திங்க மாட்டேன், என்னயக் கூட்டிட்டுப் போயிருங்க" என்றாள். நான் ஒரு கேலி சொல்லப் பார்த்தேன், வரவில்லை. அக்கா, அவளை அனுப்பிவிடு. என் சமையல்தான் அவளைக் கெடுத்தது, நானே திருத்திக்கொள்கிறேன், மன்னித்துக்கொள்.

அத்தானுக்கு என் ஸ்தோத்திரம். பெனிஷா தலையில் என் பேரைச் சொல்லி ஒரு முத்தம்.

இப்படிக்கு,
உன் உருப்படாத தம்பி,
பர்னபாஸ்.

பி.கு.: உறையை ஒட்டுமுன் டாக்டரம்மா கூப்பிட்டார்கள். போன வாரம் என் ரத்தத்தையும் எடுத்திருந்தார்கள், எனக்கு இருநூற்று நாற்பதாம். இது சட்டியில் வந்ததல்ல, பரம்பரையில் வந்தது, என் வழியாகப் பிள்ளைக்கு இறங்கியிருக்கிறது, பத்தியம் மட்டும் போதாது, இரண்டு பேருக்கும் மாத்திரையும் வேண்டும் என்கிறார்கள். நம் அப்பா நாற்பத்துநாலு வயசில் வயலில் சாய்ந்ததும் இதனால் இருக்கலாமாம். ஆகையால் மேலே கேட்ட மன்னிப்பை அடித்துவிடு, நீயும் போய் ரத்தம் கொடு. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். அதற்குள், "நீ தின்னதால வரல மக்கா, அப்பா தந்தது" என்று பெனிஷாவிடம் நீயே சொல்லிவிடு. எனக்கு வேடிக்கை பேசத்தான் வரும், இது வராது.