இரண்டு சாவிப் பெட்டியும் முடிந்துபோன குளிர்காலமும்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இவ்விடம் நான் ஒருவன் நலம். அவ்விடம் தாங்களும், அக்காவும், பத்து நாளாகத் தங்கள் வீட்டு விருந்தாளியாக இருந்துவரும் என் மனைவியும் நலமாக இருப்பீர்கள் என்பதில் சந்தேகமே இல்லை. இங்கிருந்த சமையல் அங்கே வந்துவிட்டதால் அப்படித்தான் இருக்க முடியும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் என் குரலைக் கேட்டதும் தாங்கள் ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறீர்கள், பின்னாலிருந்து யாரோ சிரிக்கிறார்கள். ஆகவே எழுத்து மூலமாகவே அறிவிக்கிறேன்: குளிர்காலம் முடிந்துவிட்டது. நான் சொன்ன தேதியிலேயே முடிந்தது. ஜெயித்தது நான்.

நடந்த விஷயத்தைத் தாங்கள் தங்கள் தங்கை வாயால் மட்டுமே கேட்டிருப்பீர்கள். என் பக்கம் இதுதான். பம்புத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். அங்கே விலை உயர்ந்த சாமான் வைக்கிற அலமாரிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி என்னிடம், இன்னொன்று போர்மேனிடம். இருவரும் சேர்ந்து நின்றால்தான் திறக்கும். அந்த நல்ல பழக்கத்தை ஓய்வு பெற்ற கையோடு வீட்டுக்கும் கொண்டுவந்தேன். எங்கள் குளிர்காலச் சாமான்களுக்கென்று ஒரு இரும்புப் பெட்டி, அதற்கு இரண்டு பூட்டு, ஒரு சாவி என்னிடம், ஒன்று தங்கள் தங்கையிடம். குளிர் முடிந்ததும் எல்லாவற்றையும் உள்ளே வைத்து, நோட்டில் பதிந்து, இருவரும் கையெழுத்துப் போட்டுப் பூட்டிவிட்டால் அடுத்த குளிர்காலம்வரை திறக்கக்கூடாது. ஏழு வருடமாக ஒரு தகராறும் இல்லாமல் நடந்துவந்த ஏற்பாடு இது. இந்த வருடம் பிப்ரவரி பதினாறாம் தேதி, நாலு நாளாக வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்ததால், சீசனை முடிக்கிறேன் என்று சொன்னேன். "இன்னும் ஒரு மாசம் இருக்குங்க, அவசரப்படாதீங்க" என்றாள். அவசரம் என்ன அவசரம், வியர்வை ஊற்றுகிறது. பஞ்சு வைத்த ரஜாய்ப் போர்வை இரண்டு, ஸ்வெட்டர் நாலு, சால்வை, கம்பளிச் சாக்ஸ், மழைக்கோட்டு எல்லாம் உள்ளே போயின. முணுமுணுத்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டாள், ஆனால் போட்டாள். நோட்டு இதோ என் பக்கத்திலேயே இருக்கிறது. அதோடு விட்டேனா? ஜன்னல் இடுக்குகளில் காற்று வராமல் ஒட்டியிருந்த டேப்பையெல்லாம் உரித்துப் போட்டேன். ஹீட்டரை சர்வீசுக்குக் கொண்டுபோனேன். எலக்ட்ரீஷியன் "இப்பவே எதுக்கு சார், ஏப்ரல்ல கொண்டாங்களேன்" என்றார். அவருக்கும் விளக்கிச் சொல்லி, ஹீட்டரை அங்கேயே பிரித்துப் போட வைத்துவிட்டுத்தான் வந்தேன். வரும் வழியில் எங்கள் மாடிப்படி அடியில் இருக்கும் அறிவிப்புப் பலகையில், "குளிர்காலம் முடிந்தது" என்று நல்ல கையெழுத்தில் எழுதி ஒட்டினேன். ஊருக்கும் உபகாரமாக இருக்கட்டுமே என்றுதான்.

மறுநாள் சாயங்காலம் லேசாகக் காற்று அடித்தது. புயல் என்று அவள் தங்களிடம் சொல்லியிருப்பாள். பெண்கள் எதையும் கொஞ்சம் பெரிதாக்கித்தான் சொல்வார்கள். எதிர் வீட்டுத் தகரக் கூரை பறந்து போனது உண்மைதான், ஆனால் அது முன்பே ஆடிக்கொண்டிருந்த கூரை. வெயில் முப்பதிலிருந்து நாலு டிகிரிக்கு இறங்கியது. "பெட்டியைத் திறங்க" என்றாள். நான் விதியை எடுத்துச் சொன்னேன். விதியை ஒரு தடவை தளர்த்தினால் அப்புறம் அது விதியா மச்சான்? நீங்களே சொல்லுங்க. அவள் நாலு தடவை தும்மினாள். பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: "எனக்கு வேண்டியது போர்வை, உங்க நோட்டு இல்ல." காலையில் பையை எடுத்துக்கொண்டு, "குளிர்காலம் இன்னும் முடியலைன்னு உங்க வாயால என்னிக்குச் சொல்றீங்களோ அன்னிக்கு வரேன்" என்று சொல்லிவிட்டுத் தங்கள் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். அவளுடைய சாவியும் அவள் கைப்பையிலேயே போய்விட்டது. ஆக, பெட்டியைத் திறக்க நானே நினைத்தாலும் முடியாது. ஏற்பாடு எவ்வளவு உறுதியானது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அவள் போன மறுநாளே என் கட்சி ஜெயிக்க ஆரம்பித்தது. முப்பத்தொரு டிகிரி. அதற்கடுத்த நாளும் அப்படியே. மின்விசிறியைத் தூசி தட்டிப் போட்டுக்கொண்டு, பனியனோடு பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தங்களுக்குப் போன் செய்தேன், ஞாபகம் இருக்கும். "இங்கயும் வெயில்தான் மாப்பிள்ளை" என்று தாங்களே ஒப்புக்கொண்டீர்கள். "அவ என்ன சொல்றா?" என்று கேட்டதற்கு, "தூங்குறா" என்றீர்கள். பகல் பதினொரு மணிக்கு அவள் தூங்கி நான் பார்த்ததில்லை, இருந்தாலும் நம்பினேன். போனை வைத்து அரை மணி நேரம் ஆகியிருக்காது, வானம் கறுத்தது, ஒரு காற்று வந்து என் முதுகுக்குப் பின்னால் பால்கனிக் கதவை அறைந்து சாத்தியது. உள் தாழ்ப்பாள் விழுந்துவிட்டது. அப்புறம் ஆலங்கட்டி. நெல்லிக்காய் அளவு இருக்கும், கூட்டிச் சொல்லவில்லை. துணி துவைக்கிற வாளி ஒன்று அங்கே கிடந்ததால் தலை தப்பியது. கீழ்வீட்டு டெய்லர் வெளியே வந்து நிமிர்ந்து பார்த்து, "சார், குளிர்காலம் முடிஞ்சிடுச்சுன்னு ஒட்டியிருந்தீங்களே" என்று கேட்டார். வாளிக்குள்ளிருந்தபடியே அவருக்குப் பதில் சொன்னேன்: ஆலங்கட்டி விழுவது வெயில் சூட்டினால்தான், ஆகவே இது குளிர் அல்ல, கோடை தொடங்கியதன் அடையாளம். அவர் ஏணி எடுக்கப் போய்விட்டார். வாளியோடுதான் இறங்கினேன், ஆனால் கௌரவமாக இறங்கினேன். தெருவில் நின்றிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

பிறகு இரண்டு நாள் மறுபடியும் நல்ல வெயில். எங்கள் கட்டிடத்தில் பாதிப் பேர் என் அறிவிப்பை நம்பிக் கம்பளிகளைத் துவைத்து மொட்டைமாடியில் காயப் போட்டார்கள். இரண்டாம் நாள் மூன்று மணிக்கு அடித்த காற்றில் பதினான்கு கம்பளியும் பறந்தன. இரண்டாம் மாடி டீச்சருடைய கம்பளி பக்கத்துத் தெரு மின்கம்பத்தில் போய்ச் சுற்றிக்கொண்டது. அந்தம்மா என் வாசலில் வந்து நின்று, "உங்க எழுத்தை நம்பித்தானே சார் நனைச்சேன், இப்ப எதைப் போர்த்திக்குவேன்?" என்று கேட்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. ரேடியோவில் தினம் வானிலை சொல்கிறவரை நம்பி இந்தக் கட்டிடத்தில் ஒரு கைக்குட்டையாவது நனைந்ததுண்டா? என்னை நம்பிப் பதினான்கு கம்பளி நனைந்திருக்கிறது.

அதற்குப் பிறகு இரண்டு நாள் கொஞ்சம் ஈரக்காற்று. ஜன்னலில் டேப் இல்லை, ஹீட்டர் இல்லை, போர்த்திக்கொள்ள ஹால் திரைச்சீலைதான் இருந்தது. டெய்லர் மனம் பொறுக்காமல், "பேசாம பூட்டை உடைச்சிடலாமே சார், ஒரு தட்டு தட்டினா போதும்" என்றார். முப்பத்தொரு வருடத்தில் ஒரு பூட்டை உடைத்தவன் இல்லை நான் என்று சொல்லிவிட்டேன். அவர் போன பிறகு வேறொன்றும் தோன்றியது, உங்களிடம் சொல்வதற்கென்ன: அவளுடைய பூட்டை நான் உடைத்துவிட்டால் அப்புறம் அவள் சாவிக்கு இந்த வீட்டில் என்ன வேலை? ஆகவே உடைக்கவில்லை. டெய்லரே அந்தத் திரைச்சீலையை எனக்குக் கோட்டாகத் தைத்துக் கொடுத்தார். மேலே கம்பியில் மாட்டுகிற வளையங்களை எடுக்க நேரமில்லை, நடந்தால் சலசலவென்று சத்தம் வருகிறது. தெருநாய்கள் வழிவிடுகின்றன. மற்றபடி நல்ல பொருத்தம்.

இப்போது முடிவுக்கு வருகிறேன். வியாழன், வெள்ளி, இன்று சனி, மூன்று நாளாக ஒரே வெயில். இன்று காலை என் தெர்மாமீட்டரில் முப்பத்து மூன்று. தெருவுக்கு ஐஸ் வண்டி வந்துவிட்டது. அந்த வண்டிக்காரரிடம் கேட்டேன், குளிர்காலம் முடிந்துவிட்டது என்று அவரே உறுதி சொன்னார். அவரைவிட இந்த விஷயத்தில் யாருக்கு அனுபவம்? டெய்லரும் டீச்சரும் எழுத்தில் கையொப்பம் இட்டிருக்கிறார்கள். இனி யாரும் மறுபேச்சுப் பேச இடமில்லை. ஜெயித்தவன் பெருந்தன்மையாக நடந்துகொள்ள வேண்டும் என்பதால் தங்கள் தங்கையை நான் மன்னிப்புக் கேட்கச் சொல்லப் போவதில்லை. நோட்டில் "பதினாறாம் தேதியே சரி" என்று ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டால் போதும். நாளை ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் அவளைத் தாங்களே கொண்டுவந்து விடும்படி கேட்டுக்கொள்கிறேன். அவள் இல்லாமல் எனக்கு ஒரு குறையும் இல்லை. டீ போடக் கற்றுக்கொண்டுவிட்டேன். சர்க்கரை டப்பா எது, உப்பு டப்பா எது என்பதும் ஏறக்குறையத் தெரிந்துவிட்டது.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். அந்த வீட்டில் இருக்கும் எல்லோருக்கும், எல்லோருக்கும் என்று அழுத்தித்தான் எழுதுகிறேன், என் அன்பு.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற தங்கள் தங்கை கணவன்,
ஸ்டோர் கீப்பர் (ஓய்வு)

பின்குறிப்பு: கையெழுத்து ஆடியிருப்பதற்கு மன்னிக்கவும், முழங்காலில் வைத்து எழுதுகிறேன். மேலே எழுதியதில் சில திருத்தங்கள். தெர்மாமீட்டரை நான் வெயிலில் பிடித்திருந்தேன். டெய்லர் கையெழுத்துப் போட்டது கோட்டைத் தைத்துக் கொடுத்ததற்கு. டீச்சர் போட்டது, கம்பளியை மின்கம்பத்திலிருந்து எடுத்துத் தந்தேன் என்பதற்கு. ஐஸ் வண்டிக்காரர் சொன்னது, "அதெல்லாம் எனக்கெங்க சார் தெரியும், வீட்ல தனியா உக்கார முடியல, அதான் வண்டியை எடுத்துட்டு வந்தேன்" என்பது. அவர் அப்படிச் சொன்னதும் நான் தபால்பெட்டிக்குப் போகாமல் பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டேன். பாதி வழியில் வானம் பொத்துக்கொண்டது. இப்போது உங்கள் வீட்டு எதிரில், பஸ் நிழற்குடையில் உட்கார்ந்திருக்கிறேன், பல் கிட்டுகிறது. குளிர்காலம் இன்னும் முடியவில்லை மச்சான். பதினாறாம் தேதியன்றும் முடியவில்லை, இன்றும் முடியவில்லை, எப்போது முடியும் என்று எனக்குத் தெரியாது. இதை அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள், ஸ்பீக்கரில் போட்ட மாதிரி.

இதை நீங்கள் படிக்கும்போது, நானே இந்தக் கடிதத்தை உங்கள் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு மணி அடித்திருப்பேன். இவ்வளவு நீளமாக எழுதியிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. படித்து முடித்தவுடன் கதவைத் திறக்கவும். அவளே வந்து திறந்தால் நல்லது.