மாமியார் கம்ப்யூட்டருக்கு நான் செய்த நல்ல காரியம்

மதிப்பிற்குரிய அத்தை அவர்களுக்கு, மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் மகளும் நலம். உங்கள் நலமும், இடுப்புவலி குறைந்ததா என்பதும் அறிய ஆவல். மரியாதை இத்துடன் முடிந்தது. இனி விஷயம்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனை எடுத்தால் "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை, வேலை ரொம்பவா மாப்பிள்ளை" என்று ஆரம்பிக்கிறீர்கள். கம்ப்யூட்டர் எப்படி என்றால் "அதுக்கென்ன, ஜம்முனு ஓடுது" என்கிறீர்கள். நானும் அதை நம்பி மூன்று வாரமாக ஆபீசில் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். நேற்று உங்கள் மகள் போட்டு உடைத்துவிட்டாள். "ஜம்முனா? நாம போயிட்டு வந்த மறு வாரமே நான் மட்டும் போனேன்ல, எங்கம்மா தரையில நியூஸ்பேப்பரை விரிச்சு பென்சில்ல கோட்டுக்குக் கைக்குழி வரைஞ்சுக்கிட்டிருந்தாங்க. உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வேற!"

நடந்ததை நடந்தபடி ஒப்புக்கொள்கிறேன். அன்று மதியம் சாப்பிட்டுவிட்டுச் சும்மா கிடந்திருக்கலாம். உங்கள் தையல் அறைக்குள் வந்தேன். அந்தக் கம்ப்யூட்டர் திறப்பதற்கு ஏழு நிமிடம் எடுத்துக்கொண்டது. அதற்குள் நீங்கள் இரண்டு காலர் தைத்துத் திருப்பிவிட்டீர்கள், உங்களுக்கு அது குறையாகவே படவில்லை, எனக்குத்தான் பொறுக்கவில்லை, உங்களை ஒரு வார்த்தை கேட்காமல் விண்டோஸை அழித்து லினக்ஸ் போட்டேன். இருபது நொடியில் திறந்தது. "பரவாயில்லையே" என்றீர்கள். பிறகு ரொம்ப மெதுவாக, "நான் பேட்டர்ன் வரையிறது எங்க இருக்கு மாப்பிள்ளை?" என்றீர்கள். துணி வெட்ட அளவுப்படம் வரைகிற அது, விண்டோஸில் மட்டும் ஓடுகிற மென்பொருள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முகத்தில் காட்டிக்கொள்ளாமல் வைன் என்று ஒன்றைப் போட்டேன். பெயரை வைத்து எதுவும் நினைத்துவிடாதீர்கள், விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓடவைப்பதுதான் அதன் வேலை. ஓடியது. எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது, சரிசெய்தேன், பிரிண்டர் காணாமல் போனது, தேடிப் பிடித்தேன், சேமிக்கச் சொன்னால் மொத்தமாக மூடிக்கொண்டது, அதையும் வழிக்குக் கொண்டுவந்தேன், வெற்றி என்று கிளம்பியும் விட்டேன். அச்சில் வந்த தாளை ஒரே ஒரு தடவை இன்ச் டேப் வைத்து அளந்து பார்க்கவில்லை. பெரிய படிப்புப் படித்தவன் நான்! மென்பொருள் ஒரு அங்குலத்துக்கு எழுபத்திரண்டு புள்ளி என்று அனுப்ப, பிரிண்டர் தொண்ணூற்றாறு என்று எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் முக்கால் அளவில் துப்பியிருக்கிறது. பதினாறு அங்குலத் தோள், பன்னிரண்டு!

உங்களுக்கு வந்திருந்த ஆர்டரோ பரிசோதனைக்கூடத்துக்கு முப்பது கோட்டு, மாதக் கடைசிக்குள். முதல் கோட்டைத் தைத்து மாமாவுக்கு மாட்டினால் முழங்கைக்கு மேல் ஏறவில்லையாம். அதற்கு மாமா, "துணி சுருங்கியிருக்கும், மாப்பிள்ளையை ஒண்ணும் சொல்லாதே" என்றாராம்.

இதுதான் அத்தை எனக்குத் தாங்கவில்லை. ஒருத்தன் உங்கள் பிழைப்பில் கைவைத்திருக்கிறான், அவனுக்குப் போய் "ஜம்முனு ஓடுது" என்கிறீர்கள். மாப்பிள்ளையைத் திட்டக்கூடாது என்று எவன் எழுதிவைத்தான்? தண்ணீர்க் குழாயை மூடாமல் விட்டதற்கு உங்கள் மகளைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி திட்டினீர்கள். பக்கத்தில் நின்ற எனக்குப் பொறாமையாக இருந்தது. என்னை அப்படித் திட்டிய ஒரே ஆள் என் அம்மா. அவர் போய் நாலு வருஷமாகிறது. ஆபீசிலும் திட்டுகிறார்கள், அது மெயிலில் வருகிறது, அதில் ஒரு ருசியும் இல்லை.

ஆகவே சனிக்கிழமை வருகிறேன். லினக்ஸை வழித்துப் போட்டுவிட்டு விண்டோஸைப் பழையபடி போட்டுத் தருகிறேன். அதுவரை எதையும் அச்சடிக்க வேண்டாம். வந்ததும் முதலில் என்னை நாலு வார்த்தை திட்டுங்கள். சாப்பாடெல்லாம் அப்புறம்.

மாமாவுக்கு என் வணக்கம், அவர் முழங்கைக்குத் தனியாக என் வருத்தம். உங்கள் ஆசீர்வாதம் எப்போதும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் உங்கள் போன் வந்துவிட்டது. உங்கள் மகள் வாய் சும்மா இருக்காது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். "என்னடா, மறுபடியும் அழிக்க வர்றியாமே? கையை ஒடிச்சிடுவேன்! பேப்பர்ல வரைஞ்சதெல்லாம் ஒரு வாரந்தான். முக்காலாத் தருதுன்னு தெரிஞ்சதும் அளவோட மூணுல ஒரு பங்கு சேர்த்துப் போட்டேன், அச்சு அசலா வந்துடுச்சு. இருபத்திரண்டு கோட்டு தைச்சு அடுக்கியாச்சு. கேக்காம கொள்ளாம அடுத்தவங்க சாமானைத் தொடுறதுக்கு உனக்கு யாருடா சொல்லிக் குடுத்தது?" மொத்தம் பதினொரு நிமிடம். நடுவில் நீங்கள் மூச்சு வாங்கினீர்களா என்பது சந்தேகம். ஆகவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம், விண்டோஸும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். சனிக்கிழமை சும்மாதான் வருகிறேன். மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்து வரவேற்காதீர்கள் அத்தை. கதவு திறந்திருந்தால் போதும், நானே உள்ளே வந்துகொள்கிறேன்.