வதிவிடக் கடிதம் பெற்ற சவர்க்காரம்

சண்டைக் காலத்தில் திருகோணமலை இறங்குதுறையில் லோஞ்சுப் படகு ஏறுகிற எந்த உயிருக்கும் அடையாள அட்டை வேண்டும், பாஸ் வேண்டும். இது எல்லோரும் பழகி ஒத்துக்கொண்ட நியாயம். உயிரில்லாத சாமான்களுக்கு மட்டும் இந்தப் பாக்கியம் கிட்டாமல் இருந்தது. அந்தப் பெருங்குறையைத் தீர்த்து வைத்தவர் கமலேஸ்வரி.

அவருடைய தங்கச்சி புஸ்பராணி கடலுக்கு அந்தப் பக்கம் சம்பூரில் பிள்ளை பெற்றிருந்தாள். பிள்ளைக்கு உடம்பெல்லாம் கரப்பன். கடைச் சவர்க்காரம் பட்டால் வீரிட்டு அழுகிறதாம். கமலேஸ்வரி தன் குசினியில் தேங்காயெண்ணெயைக் காஸ்டிக் சோடாவோடு சேர்த்துக் கிண்டி, கஸ்தூரி மஞ்சளும் வேப்பிலைத் தூளும் வெட்டிவேர்ப் பொடியும் போட்டு, வெறும் பால்மா ரின்னில் ஊற்றி உறைய வைத்து, வட்டமாக நாலு கட்டி வெட்டினார். பச்சைச் சவர்க்காரம் தோலை அரித்துவிடும் என்று ஒரு மாதம் அலுமாரிக்கு மேலே காய வைத்தார். வீடே மணத்தது. பிள்ளையைத் தன் கையால் குளிப்பாட்டி உச்சி மோந்து பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசையே இல்லை.

இறங்குதுறையில் சோதனை செய்கிற உத்தியோகத்தர் குணரத்தினம் அவருடைய பாஸைப் பார்த்தார். குறையில்லை. பிறகு ஒரு கட்டியை எடுத்து மணந்தார். கண் சொக்கியது. கடமை உடனே கண்ணைத் திறந்து விட்டது.

"இது என்ன?"

"சவர்க்காரம், ஐயா. வீட்டில செய்தனான்."

"உறை இல்லை, பேர் இல்லை. இது சவர்க்காரம் எண்டு ஆர் சொன்னது?"

"மணக்குதே, ஐயா."

"மணத்தை நம்பி விடேலாது, அக்கா. உங்கட விதானையாரிட்ட இதுக்கொரு வதிவிடக் கடிதம் எடுத்துக்கொண்டு வாங்கோ. ஒரு கட்டி இஞ்ச இருக்கட்டும், விசாரணைக்கு."

கமலேஸ்வரி சிரிக்கவில்லை. பாஸ் தருகிற கந்தோர் வாசலில் வருடக் கணக்காக நின்றவர்களுக்கு எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்பது மறந்து போகும்.

ஊர்ப் பிரிவுக்குப் பொறுப்பான விதானையார் இராசையாவும் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுதத் தொடங்கினார்.

"எவ்வளவு காலமா என்ர பிரிவில வசிக்குது?"

"ஒரு மாதம். அலுமாரிக்கு மேல."

"தற்காலிக வதிவு. முந்தி என்னவா இருந்தது?"

"தேங்காயா இருந்தது."

"எந்த ஊர்த் தேங்காய்?"

"நிலாவெளி."

விதானையார் பேனையைக் கீழே வைத்தார். "அப்ப இது இடம்பெயர்ந்து வந்திருக்கு. நிலாவெளி விதானையாரும் ஒரு கடிதம் தர வேணும்."

கந்தோர்ப் பிரதியாக ஒரு கட்டி எடுத்து வைக்கப்பட்டது. அதை எடுத்துக்கொண்டு குசினிப் பக்கம் போனவர் விதானையாரின் மனைவி. "இப்ப கொழும்பில மூலிகை எண்டால்தான் மதிப்பாம்" என்றார். போன வருடம் வரை வெளிநாட்டுச் சவர்க்காரம் அல்லாத எதுவும் அவருடைய முகத்தைத் தொட்டதில்லை.

நிலாவெளியிலும் ஒரு கந்தோர்ப் பிரதி. அங்கே விதானையார் கூட்டத்துக்குப் போயிருந்தார், முத்திரை அலுமாரிக்குள் இருந்தது, அலுமாரித் திறப்பு விதானையாரின் சட்டைப்பையில் கூட்டத்துக்குப் போயிருந்தது. எல்லாம் கைக்கு வந்து, மிஞ்சிய ஒற்றைக் கட்டியோடு கமலேஸ்வரி மறுபடி இறங்குதுறைக்கு வந்தபோது குணரத்தினம் கடிதங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவரிடமிருந்து வெட்டிவேர் மணம் வீசியது. விசாரணை முடிந்திருக்க வேண்டும்.

"எல்லாம் துப்புரவா இருக்கு. சவர்க்காரம் போகலாம். உங்கட பாஸைத் தாங்கோ."

கொடுத்தார்.

"இது நேற்றோட முடிஞ்சு போச்சே, அக்கா. நீங்கள் போகேலாது."

"ஐயா, இதைச் செய்ததே நான்தானே!"

"அதை நான் மறுக்கேல்லை. கடிதத்திலயும் அப்பிடித்தான் கிடக்கு."

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. லோஞ்சுக்காரர் ஸெய்னுதீன் கட்டியை வாங்கி, பத்திரமாகத் தன் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டார். லோஞ்சு புறப்பட்டது. கமலேஸ்வரி அது மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். தன் கையால் கிண்டிய ஒரு துண்டுச் சவர்க்காரத்தின் மேல் அவருக்கு அன்றைக்குப் பொறாமை வந்தது. அது போய் அந்தப் பிள்ளையின் கன்னத்தைத் தொடும்.

அடுத்த நாள் விடிய, வரிசையில் வாய் திறக்காதவர்கள் எல்லாம் அவருடைய வீட்டுப் படலையில் வந்து நின்றார்கள். முன்னுக்கு நின்றவர் குலசிங்கம் வாத்தியார். அவருடைய தாயும் கடலுக்கு அந்தப் பக்கம், மூதூரில் படுக்கையில் கிடக்கிறார். பாஸ் கேட்டுக் கேட்டு வாத்தியாருக்குச் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

"தங்கச்சி, விதானையாரோட கதைச்சனாங்கள். ஆக்களுக்குத்தான் கஷ்டமாம். சவர்க்காரம் எண்டு பதிஞ்சால் கடிதம் தரலாமாம். ஒரு மாதம் அலுமாரிக்கு மேல வசிச்சிருக்க வேணும், அவ்வளவுதான். உங்கட அலுமாரியைக் கொஞ்சம் தருவீங்களோ?"

கமலேஸ்வரி உள்ளே திரும்பிப் பார்த்தார்.

"குறை நினையாதேங்கோ, வாத்தியார். இந்த மாதம் ஏலாது. ராத்திரியே நான் அதுக்கு மேல பாய் விரிச்சிட்டன்."