நூறுவீத மாஸ்டரின் கைக்குழந்தை வகுப்பு

பாலமுனையில் நூறுவீத மாஸ்டரிடம் டியூஷன் படித்து ஃபெயிலான ஓர் ஆளைக் காட்டினால் என் ஸ்கூட்டியை எழுதித் தருகிறேன். காட்ட முடியாது. யாராவது ஃபெயிலானால், பரீட்சைப் பெறுபேறு வந்த அன்றே "அவன் நம்மட வகுப்புக்கு ஒழுங்கா வந்தவனே இல்ல" என்று கணக்கிலிருந்து கழித்துவிடுவார். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் அல்லவா, கழிப்பதில் கெட்டிக்காரர். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. மனைவிகூட "மாஸ்டர், சோறு ஆறுது" என்றுதான் கூப்பிடுவார்.

போன வருடம் நான் ஓர் ஆய்வுக் குழுவில் வேலை பார்த்தேன். கரையோரக் கிராமங்களின் கைக்குழந்தைகளுக்கு அறிவு வளர்ச்சி எப்படி இருக்கிறது என்று அளக்கும் வேலை. வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே சிவப்புக் கட்டைகள், கோப்பை, மணி, படப் புத்தகம். கூடவே வந்த வழிகாட்டி, அமைதியான அறை வேண்டும் என்றது. எங்களுக்குக் கிடைத்தது கிளினிக்கின் பின்னறை. ஒரு பக்கம் மா அரைக்கும் மில், மறுபக்கம் மீன் வியாபாரிகளின் ஹோர்ன். படப் புத்தகத்தைத் திறந்தால் பனிமனிதன். குழந்தை அழுதது. தாயும் கொஞ்சம் பயந்துதான் போனார்.

தாய்மாரிடம் தெளிவாகச் சொன்னோம்: "இது சோதினை இல்ல. பாஸ், ஃபெயில் ஒண்டும் இல்ல."

எங்கள் ஊர்ப் பக்கத்தில் யாரும் நம்பாத வசனம் அது. அடுத்த வாரமே மாஸ்டரின் தகரக் கொட்டிலில் புதிய பலகை தொங்கியது: "கைக்குழந்தைகளுக்கான விரைவு வகுப்பு. தாய்மார் கூடவே இருக்க வேண்டும்."

கோபத்தோடு போனேன். பாயில் வரிசையாகக் குழந்தைகள். சிலது தூக்கம், சிலது பால் கக்கிக்கொண்டிருந்தது. மாஸ்டர் வெண்பலகையில் எங்கள் பெட்டியிலிருந்த அதே கோப்பையை வரைந்து விளக்கிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், புள்ளைகள்ற மூளை எப்பிடி வளருதெண்டு பாக்கத்தான் நாங்க வாற. நீங்க பழக்கினா எல்லாம் பிழைச்சிப் போகும்."

"ஓம் மகள். வளருதா எண்டு நீங்க பாருங்க. வளர்க்கிற வேலைய நான் பாக்கிறன்."

பிறகு பாலமுனைக் குழந்தைகளைப் பிடிக்க முடியவில்லை. கட்டையைக் கோப்பைக்குள் ஒளித்து, குழந்தை தேடுகிறதா என்று நான் பார்க்க வேண்டும். நான் ஒளிக்குமுன்பே கோப்பையைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒரு பிள்ளை என் பையையே கவிழ்த்துக் கட்டையை எடுத்துவிட்டது. கொழும்பிலிருந்து மேலதிகாரி உற்சாகமாகத் தொலைபேசியில் கேட்டார்: "இவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளைகள்! மீன் சாப்பிடுறதாலயா?"

சோதிக்கும் நாட்களில் மாஸ்டர் கிளினிக் வாசலில் கிடந்த நீள வாங்குப் பலகையில் வந்து உட்கார்ந்துவிடுவார். ஒருநாள் ஷிஃபானா என்ற இளம் தாய், மகள் நுஹாவை மடியில் வைத்திருந்தாள். பின்னால் நின்று மணி அடித்தேன். நுஹா அழகாகத் திரும்பினாள். நான் சரி போடப் பேனையை எடுத்தபோது மாஸ்டர் உள்ளே வந்தார்.

"மிஸ், இந்தப் புள்ளைய ஃபெயிலாக்குங்க."

பேனையைக் கீழே வைத்தேன். அவர் தொடர்ந்தார்.

"மணி அடிச்சா அந்தப் பக்கத்து முழங்கால மெல்ல உயத்தச் சொல்லி உம்மாமாருக்கு நான்தான் பழக்கினன். இவள் முழங்காலுக்குத்தான் திரும்புறாள். நேத்து வகுப்புல தகரத்துல ஓங்கி அடிச்சிப் பாத்தன். மத்தப் புள்ளைகள் எல்லாம் பதறி அழுதுதுகள். இவள் சிரிச்சிக்கிட்டு இரிக்காள், மகள். எனக்கு ராவெல்லாம் நித்திர இல்ல."

'மிஸ்' என்று மரியாதையாகத் தொடங்கியவருக்கு, முடிக்கும்போது நான் மறுபடி 'மகள்' ஆகியிருந்தேன்.

நுஹாவைப் பாயில் தனியே இருத்தி மறுபடி மணி அடித்தேன். மில்லும் அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது. வலப்பக்கம், இடப்பக்கம், காதுக்குக் கிட்ட. நுஹா தன் கால்விரலைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

"என்ட புள்ள ஃபெயிலா மாஸ்டர்?" என்று ஷிஃபானா விம்மினாள்.

"நீ அழாத. ஃபெயிலானது நான்" என்றார் அவர். "இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவம். மத்ததெல்லாம் மறுகா பாப்பம்."

வெளியே போய் ஆட்டோவை மறித்தவரும் அவர்தான். காது டொக்டர் சோதித்துவிட்டு, பிறவியிலேயே செவிப்புலன் மிகக் குறைவு என்றார். இந்த வயதிலேயே கொண்டுவந்தது நல்லது, கருவி போட்டுப் பழக்கினால் கதைக்க வாய்ப்பிருக்கிறது என்றார். மாஸ்டர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "பழக்குறதெண்டா, ஒரு நாளைக்கி எத்தின மணித்தியாலம் டொக்டர்?"

கைக்குழந்தை வகுப்பு அன்றோடு மூடப்பட்டது. மிஞ்சியது ஒரே மாணவி. ஆஸ்பத்திரியில் சொல்லித்தந்தபடி, அவளுக்கு முன்னால் உட்கார்ந்து வாயைப் பெரிதாகத் திறந்து "உ... ம்மா..." என்று அந்தக் கணித ஆசிரியர் கத்துவதைக் கேட்டுத் தெருவே சிரித்தது. அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை.

நேற்று ஷிஃபானா ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தாள். நுஹா "ம்மா" மாதிரி ஏதோ சொல்கிறாள். "உம்மா எண்டு சொல்றாள், மிஸ்!" என்று தாய் அழுகிறாள். "மாஸ்டர் எண்டுதான் சொன்னவள், வடிவாக் கேளுங்க!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் சண்டைக்கு வருகிறது.

திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். எனக்கும் "மாஸ்டர்" என்றுதான் கேட்கிறது.