முப்பத்தாறு எலிகளும் பெரியம்மாவும்

என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு வந்திருந்தவர்கள்: வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா, என் வழிகாட்டிப் பேராசிரியர், துறை மாணவர்கள் நாலு பேர், வெள்ளகோவிலிலிருந்து வேன் பிடித்து வந்த என் சொந்தக்காரர்கள் பத்தொன்பது பேர். வராதவை: முப்பத்தாறு எலிகள். (வர வழியில்லை. எல்லாவற்றையும் நான்தான் கொன்றிருந்தேன்.)

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். ஆகவே கோவையில் நான் என்ன படிக்கிறேன் என்று வீட்டில் விளக்கும் பொறுப்பும் என்னுடையதே. விளக்கிய லட்சணம் இது: எலியின் உடம்பில் ஒரு மரபணு இருக்கிறது. 'வளரு, வளரு' என்று கத்துகிற மற்ற மரபணுக்களின் வாயைப் பொத்தி வைப்பது அதன் வேலை. அது ஒழுங்காக வேலை பார்க்கும்வரை கட்டி தலைதூக்காது.

"அப்ப கேன்சரே வராதா சாமி?" என்றார் அப்பா.

"அதத்தானுங்கப்பா ஆராய்ச்சி பண்றேன்."

அடுத்த வாரமே ஊர் முழுக்கச் செய்தி: "என்ற பையன் கேன்சருக்கு மருந்து கண்டுபுடிக்கறானுங்க!"

நடந்ததோ தலைகீழ். அந்த மரபணுவின் வாயையே பொத்திவிட்டால் என்ன ஆகும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எலிக்கு மார்பில் கட்டி வந்தது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஐந்து வருடம் பிடித்தது.

ஒரு வார்த்தையில் திருத்தியிருக்கலாம். ஆனால் கூலி வேலை பார்த்த தோட்டத்துக்காரர் வீட்டு வாசலில் நாற்பது வருடம் நின்றுகொண்டே பேசிய அப்பாவுக்கு, மருந்து கண்டுபிடிக்கிறவனின் அப்பா என்று முதல்முறையாக நாற்காலி போட்டிருந்தார்கள். அந்த நாற்காலியை நான் எப்படிப் பிடுங்குவேன்?

அவிநாசியிலிருந்து பெரியம்மா (அம்மாவின் அக்கா) போன் செய்வார். "மருந்து எப்பக் கண்ணு வரும்?"

"சீக்கிரம் வந்துருமுங்க பெரிம்மா."

மூன்று மாதத்தில் நாலு தடவை கேட்டார். நாலு தடவையும் அதே பதில். எதற்குக் கேட்கிறீர்கள் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. (பெருமை முதலில் காதைத்தான் அடைக்கும்.)

தேர்வு நாளன்று கோவை கணபதியில் என் அறை நண்பனிடம் கோட்டு இரவல் வாங்கினேன். நான் நின்ற பிறகும் அதன் தோள்கள் கொஞ்ச தூரம் நடந்தன. நாற்பது நிமிடம் ஆங்கிலத்தில் முழங்கினேன். மூச்சுவிட நிறுத்திய இடத்திலெல்லாம் மாமா கைதட்டினார். கட்டியோடு இருந்த எலியின் படம் திரையில் வந்ததும் பத்தொன்பது பேரும் "அய்யோ" என்றார்கள். அதுவே என் ஆய்வுக்குக் கிடைத்த நேர்மையான விமரிசனம்.

கடைசியில், பார்வையாளர்களும் கேள்வி கேட்கலாம் என்று ஒரு சம்பிரதாயம். யாரும் கேட்பதில்லை, வெளியே மிக்சர் காத்திருக்கும். அன்று பெரியம்மா எழுந்தார்.

"ஏனுங்கம்மா, நானொண்ணு கேக்கலாமுங்களா?"

"தாராளமா கேளுங்க" என்றார் தேர்வாளர்.

பெரியம்மா என் பக்கம் திரும்பினார். "கண்ணு, அந்த எலிகளுக்கெல்லாம் கடைசில சொகமாயிருச்சா?"

"இல்லீங்க பெரிம்மா."

"ஒண்ணுக்குக் கூடவா?"

"எல்லாம் செத்துப்போச்சுங்க."

மாணவர்கள் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

"அப்ப மருந்து?"

"மருந்து நான் கண்டுபுடிக்கலீங்க. கட்டி எப்படி வருதுன்னுதானுங்க பாத்தேன்."

பெரியம்மா இடது பக்கம் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். "அது வர்றது எனக்கே தெரியுமே சாமி. கட்டியை அறுத்து எடுக்கோணும்னு ஆசுபத்திரில சொன்னாங்க. நம்ம பையன் மருந்துதான் வரப்போகுதேன்னு நானும் போகாம இருந்துபோட்டேன்."

நான் மூச்சுவிட நிறுத்தினேன். மாமா கைதட்டவில்லை.

தேர்வாளர் அம்மா மேடையிலிருந்து இறங்கி வந்து பெரியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். "எத்தனை மாசமா இருக்குங்க?" என்று கேட்டார். தனக்குத் தெரிந்த மருத்துவர் ஒருவருக்கு அங்கேயே போன் போட்டார். நடுவில் யாரோ எனக்குப் பட்டம் வழங்கப் பரிந்துரைப்பதாக வாசித்தார்கள். என் அம்மா சுட்டுக்கொண்டு வந்த ஒரு டின் முறுக்கு, எனக்குப் போட வாங்கிய மாலை, இரவல் கோட்டு சகிதமாக வேன் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனது.

பெரியம்மா பிழைத்துக்கொண்டார். இன்றைக்கும் விசேஷ வீடுகளில் யாராவது என்னிடம் இருமலுக்கு மாத்திரை கேட்டால் போதும், "எலி டாக்டருகிட்டயா கேக்கறீங்க? சீக்கிரம் வந்துருமும்பான்! உசுரு மேல ஆசையிருந்தா ஓடிப்போயிருங்க!" என்பார். கூட்டமே சிரிக்கும். அவர் இடது கையைத் தூக்க முடியாமல் வலது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார்.

தோட்டத்துக்காரர் வீட்டில் அப்பாவுக்கு இப்போதும் நாற்காலி போடுகிறார்கள். முதலிலேயே வந்திருந்தால் கட்டியை மட்டும் எடுத்திருப்போம் என்று மருத்துவர் சொன்னது அப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த நாற்காலிக்கு ஆன மொத்தச் செலவு: எலி முப்பத்தாறு, மாதம் மூன்று, பெரியம்மாவின் இடது மார்பு.